தாடைக்குள் ஒரு மின்கலம்

உப்பு நீரில் இரும்பு ஆணி எவ்வளவு காலம் தாங்கும் என்று கடலூர் முதுநகரில் படகு வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். நம் உடலும் ஓர் உப்பு நீர்த் தொட்டிதான். கடல் நீரில் நூற்றுக்குச் சுமார் 3.5 பங்கு உப்பு. இரத்தத்தில் 1 பங்குக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால், உடைந்த தாடையைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் திருகாணி உள்ளே என்ன ஆகிறது?

எலும்பு முறிவைத் தகடும் திருகாணியும் கொண்டு பொருத்தும் முறையை 1886-இல் வெளியிட்டவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ்மன். பின்னர் எஃகு முதலிய பல உலோகங்கள் முயன்று பார்க்கப்பட்டன. ஆனால் திருகாணியைச் சுற்றி எலும்பு கரைந்து பிடி தளர்வது அடிக்கடி நடந்தது. பிடி தளர்ந்தால் முறிவு கூடாது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தாமல் சோறு மெல்வதே பெரும்பாடு. பழி கிருமியின் மேலும் எலும்பின் மேலும் விழுந்தது. கிருமிக்கும் பங்கு உண்டுதான். எலும்பின் மேல் போட்ட பழியோ வீண்.

1937-இல் அமெரிக்காவில் வெனபிள், ஸ்டக், பீச் ஆகிய மூவர் நாய்களின் எலும்புகளில் வெவ்வேறு உலோகங்களைப் பொருத்திப் பார்த்தனர். பள்ளியில் நீங்கள் படித்த வோல்டா மின்கலம் நினைவிருக்கிறதா? உப்புக் கரைசலில் இரு வேறு உலோகங்களை வைத்து இணைத்தால் மின்னோட்டம் பிறக்கும், ஒன்று கரையும். தகடு ஓர் உலோகம், திருகாணி வேறோர் உலோகம் என்றால் எலும்புக்குள் நடப்பதும் அதுவே. கரைந்த அயனிகள் செல்களை வாட்ட, எலும்பு பின்வாங்குகிறது. கோபால்ட்-குரோமியக் கலவையான வைட்டாலியம் மட்டும் எலும்பைத் தொந்தரவு செய்யவில்லை. தகடும் திருகாணியும் ஒரே உலோகமாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு இதுவே அடிப்படை.

1952-இல் சுவீடனின் பிரனேமார்க், முயலின் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முயன்றார். வரவில்லை! எலும்பு அதன்மேல் நேராக வளர்ந்து பற்றியிருந்தது. இத்தனைக்கும் டைட்டானியம் சாதுவான உலோகம் அன்று. காற்றுப் பட்டவுடன் ஆக்ஸிஜனோடு கூடி, மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. எலும்பு தொடுவது அந்தப் படலத்தைத்தான். (இதன் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது.)

சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1980-இல். அதற்கு இரண்டாண்டு முன்புதான் பிரான்சின் ஷாம்பி, தாடைக்கான சிறு தகட்டு முறையை விளக்கியிருந்தார். அதற்குமுன் தாடை உடைந்தவர்களின் பற்களைக் கம்பியால் கட்டி, வாரக்கணக்கில் வாயைத் திறக்கவிடாமல் கஞ்சி ஊற்றுவதே பெரும்பாலும் வழக்கம்.

நல்ல உலோகம் கிடைத்த பிறகும் திருகாணி தளர்வது முற்றிலும் நின்றுவிடவில்லை. இம்முறை குற்றவாளி வெப்பம். துளையிடும்போது உராய்வினால் எலும்பு சூடேறுகிறது. 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குக் கேடு என்று 1983-இல் சுவீடன் ஆய்வாளர்கள் முயல்களில் கண்டனர். செத்த எலும்பில் திருகாணி நிற்காது. அறுவை மருத்துவர் துளையிடும்போது பக்கத்தில் ஒருவர் உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.