மூன்று கோப்பைகளின் பெயர்கள்



உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபார்முலா ஒன் பந்தயத்தின் முன் உட்கார்ந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் தாத்தா முறை ஆகக்கூடிய ஒரு பந்தயத்தைப் பற்றி இன்று எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஐரோப்பாவில் நடந்த பெரிய கார் பந்தயம் அது. நாள் 1945 செப்டம்பர் 9, ஞாயிறு. இடம், பாரிஸ் நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள புவா த பூலோன் என்ற மரங்கள் அடர்ந்த பெரிய பூங்கா.

தேதியைக் கவனியுங்கள். ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டது செப்டம்பர் 2. அதாவது ஒரே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பிரான்சில் சாப்பாட்டுக்கே ரேஷன். பெட்ரோலும் டயரும் குதிரைக் கொம்பு. இந்த நிலையில் கார் பந்தயம் ஒரு கேடா என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் அன்று கொடுத்த கோப்பைகளின் பெயர்களிலேயே இருக்கிறது.

மொத்தம் மூன்று பந்தயங்கள். முதலாவது ரொபேர் பெனுவா கோப்பை. இரண்டாவது விடுதலைக் கோப்பை. மூன்றாவது, அன்றைய தலையாய பந்தயம், கைதிகள் கோப்பை.

ரொபேர் பெனுவா யார்? முதல் உலகப் போரில் போர் விமானி. பிறகு பந்தய ஓட்டுநர். 1927இல் பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலிய, பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நான்கையும் ஒரே வருடத்தில் வென்றவர். 1937இல் ழான் பியேர் விமீல் என்ற இளையவருடன் சேர்ந்து புகாட்டி காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்றார்.

ஜெர்மனி பிரான்சைப் பிடித்தபின், பிரிட்டன் நடத்திய எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்புக்காகப் பெனுவா வேலை செய்தார். அவரை அதில் சேர்த்தவர் வில்லியம் குரோவர் வில்லியம்ஸ். 1929இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீயை வென்றவர் அவர். வானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கப்படும் ஆயுதங்களை வாங்கி ஒளித்து வைப்பது இவர்களுடைய வேலைகளில் ஒன்று. குரோவர் வில்லியம்ஸ் 1943 ஆகஸ்டில் பிடிபட்டார். 1945இல் சாக்சன்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார். பெனுவாவையும் ஒருமுறை பிடித்தார்கள். ஓடுகிற காரிலிருந்து குதித்துத் தப்பினார். 1944 ஜூனில், தாயார் சாகக் கிடக்கிறார் என்று கேட்டு பாரிஸ் வந்தபோது மறுபடி சிக்கினார். அந்த ஆண்டு செப்டம்பரில் புகன்வால்ட் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

(திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கான் பற்றி நம் வகுப்பில் பேசியது சிலருக்கு நினைவிருக்கலாம். அவரும் இதே அமைப்பின் உளவாளிதான். அவர் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டதும் அதே 1944 செப்டம்பரில்தான்.)

பெனுவா இறந்து சரியாக ஒரு வருடத்தில் அவர் பெயரில் கோப்பை. சிறிய எஞ்சின் கார்களுக்கான அந்தப் பந்தயத்தை வென்றவர் அமெடே கோர்டினி.

இரண்டாவது கோப்பையின் பெயர் விடுதலை. பாரிஸ் விடுதலையானது 1944 ஆகஸ்ட் 25. அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஆகஸ்ட் 16 அன்று, இதே பூங்காவின் அருவிக்கரையில் 35 இளைஞர்களை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். எதிர்ப்பு இயக்கத்துப் பையன்கள். ஆயுதம் தருவதாகச் சொல்லி ஒருவன் காட்டிக்கொடுத்தான். ஒரு வருடம் கழித்து அதே மரங்களுக்கு நடுவே கார்கள் ஓடின. பார்க்க வந்த பாரிஸ்வாசிகளுக்கு அது என்ன இடம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, கைதிகள். 1940 தோல்வியில் சுமார் 18 லட்சம் பிரெஞ்சு வீரர்கள் ஜெர்மனியிடம் பிடிபட்டார்கள். ஏறத்தாழ 10 லட்சம் பேர் 1945 வரை திரும்பவில்லை. பந்தயத்தன்று அவர்கள் வீடு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தோற்றுப் பிடிபட்டவர்களுக்கு எந்த ஊரிலும் மாலை மரியாதை கிடைப்பதில்லை. அன்றைய பெரிய கோப்பைக்கு அவர்கள் பெயரை வைத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தப் பந்தயத்தில் ஓடியவை புதிய கார்கள் அல்ல. போருக்கு முன் செய்தவை, ஜெர்மானியர் கண்ணில் படாமல் வைக்கோலுக்கு அடியிலும் கொட்டகைகளிலும் கிடந்தவை. மொரிஸ் திரந்தின்யான் என்ற இளைஞர் அப்படி வைத்திருந்த புகாட்டியை எடுத்து வந்தார். ஓட்டத்தின் நடுவே கார் இருமி இருமி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் பெட்ரோல் வடிகட்டி முழுக்க எலிப் புழுக்கை! அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த விமீல், எலிப் புழுக்கையைக் குறிக்கும் சொல்லை வைத்து ‘பெத்துலே’ என்று பட்டப்பெயர் சூட்டினார். பின்னாளில் மொனாக்கோவை 1955, 1958 என்று இருமுறை வென்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

கைதிகள் கோப்பையை வென்றவர் அதே விமீல்தான். பயிற்சி ஓட்டத்துக்கு நேரத்தில் வர முடியாததால் கடைசியிலிருந்து கிளம்பி, 4.7 லிட்டர் புகாட்டியில் எல்லோரையும் தாண்டிப் போனார். ரேமோன் சொமர் இரண்டாவது. விமீலும் பெனுவாவின் ரகசியக் குழுவில் இருந்தவர். 1944 ஜூனில் ஜெர்மானியர் வளைத்தபோது ஓடைத் தண்ணீரில் பதுங்கித் தப்பினார் என்று சொல்வார்கள். சேர்ந்து வென்ற மூத்தவரின் பெயரில் அன்று ஒரு கோப்பை வழங்கப்பட்ட அதே மைதானத்தில் அவர் ஜெயித்திருக்கிறார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயர்கள் சிலரை நினைவில் வைக்கும், சிலரை விட்டுவிடும். பிரான்சிலிருந்து சுமார் 76,000 யூதர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பியவர்கள் மிகச் சிலர். அவர்களைப் பிடித்துக் கொடுத்ததில் பிரெஞ்சுப் போலீசுக்கும் பங்கு உண்டு. அவர்கள் பெயரில் அன்று கோப்பை இல்லை. அந்தப் பொறுப்பை ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி, ழாக் ஷிராக், வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1995 வரை ஆயிற்று. அதனால்தான் ஒரு நினைவுச் சின்னத்தைப் பார்த்தால் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று இரண்டையும் கேளுங்கள் என்பேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. 1946இல் புதிய எஞ்சின் விதிகள் வகுத்தார்கள். 1950 மே 13 அன்று, போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானத் தளமாக இருந்த சில்வர்ஸ்டோனில் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியது. விமீல் அதைப் பார்க்கவில்லை. 1949 ஜனவரியில் புவேனஸ் ஐரிஸில் பயிற்சியின்போது விபத்தில் இறந்துபோனார்.

பாரிஸில் இருக்கும் பிள்ளைகளே, அந்தப் பூங்கா உங்களுக்கு மெட்ரோவில் போகிற தூரம்தான். அருவிக்கரையில் அந்த 35 பேருக்கு நினைவிடம் இருக்கிறது. போனால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.