புகையை எங்கே அனுப்புவது

என் அப்பா நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். டூட்டி முடிந்து வந்தால் அவர் எச்சில்கூடக் கறுப்பாகத்தான் இருக்கும். நான் அதே பாதையில் மின்சார வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். எனக்கு அந்தக் கறுப்பு வாய்க்கவில்லை.

1931-இல் சென்னை பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மீட்டர்கேஜில் மின்சார ரயில் விட்டார்கள். காற்று கெடுகிறதே என்று யாரும் அழுது அதைக் கொண்டுவரவில்லை. நெரிசலுக்கு அடுத்தடுத்து வண்டி விட வேண்டியிருந்தது. தாம்பரத்தோடு கம்பி நின்றுவிட்டது. எங்கள் வண்டலூர் இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் கரிப்புகை தின்றது. 1965-இல்தான் விழுப்புரம் வரைக்கும் மின்சாரம் வந்தது. அந்த மின்சாரத்துக்கும் எங்கோ கரி எரியத்தானே வேண்டும்? 1970 முதல் எண்ணூர் அனல்மின் நிலையம் எரித்தது. புகை வடக்கே போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்தத் தள்ளிவிடுகிற வேலையில் சென்னை கைதேர்ந்தது. உயிர் காலேஜ் கதையைப் பாருங்கள். (பழைய மெட்ராஸ்காரர்களுக்கு எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ்.) 1855-இல் மியூசியத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பால்ஃபர், கர்நாடக நவாபிடம் பேசி அவர் வளர்த்த மிருகங்களை வாங்கி மியூசியம் வளாகத்திலேயே வைத்தார். ஒரே வருஷத்தில் 300-க்கு மேல் பெருகிவிட்டன. பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் பஸ்ஸும் லாரியும். நடுவில் கூண்டுக்குள் புலி. 1975 வாக்கில் கூட்டமும் இரைச்சலும் புகையும் தாங்காது, இது மிருகம் இருக்கிற இடமில்லை என்று முடிவானது. அதே காற்றைத்தான் சுற்றிலும் மனிதர்கள் சுவாசித்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

1976-இல் வனத்துறை வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கியது. காடு என்று பெயர்தான், முள்ளும் புதரும். மரம் நட்டு நட்டுத்தான் நிழல் உண்டாக்கினார்கள். 1979-இல் வேலை தொடங்கி, 1985 ஜூலை 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். இன்றைக்கு உள்ளே சுற்றிப்பார்க்க பேட்டரி வண்டி, வாடகை சைக்கிள் எல்லாம் உண்டு.

பஸ் நிலையமும் அதே வழியில்தான் வந்தது. பாரிமுனை நெரிசலுக்குப் பயந்து வெளியூர் பஸ்களை 2002-இல் கோயம்பேட்டுக்கு அனுப்பினார்கள். கோயம்பேடும் ஊருக்குள் அகப்பட்டுக்கொண்டது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புது முனையம் திறந்தது. அடுத்த சில வாரங்களில் தென்மாவட்ட பஸ்கள் அங்கே வந்து சேர்ந்தன. ஜி.எஸ்.டி. ரோட்டில் உயிர் காலேஜுக்குப் பக்கத்து ஊர் அது. புகைக்குத் தப்பி வந்த புலியை, நாற்பது வருஷம் முடியுமுன் பஸ் தேடி வந்துவிட்டது.

கோயம்பேட்டுக்காரர்களுக்கு மூச்சு விட முடிகிறது, மறுக்கவில்லை. ஆனால் 1965-இல் விழுப்புரம் வரை கம்பி இழுத்தவர்கள் எழும்பூர் ஸ்டேஷனைத் தூக்கி வண்டலூரில் வைக்கவில்லை. எஞ்சினை மாற்றினார்கள். பஸ்ஸில் அந்த வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது: 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. அவை மாநகர பஸ்கள். கிளாம்பாக்கத்திலிருந்து ராத்திரி மதுரைக்கும் நெல்லைக்கும் கிளம்புகிறவை இன்னும் பெரும்பாலும் டீசல்தான்.