துளசி மாடமும் துளசிக் கஷாயமும்

பிழைப்பு நாடிப் பூனா வந்த நம் முன்னோருக்கு மொழி புதிது; உணவும் புதிது. ஆயினும் பழைய வாடாக்களின் வாயிலைக் கடந்து நடுமுற்றத்தை நோக்கியபோது, கண்ணுக்குப் பழகிய துளசி மாடம் அங்கே நின்றது. மராத்தியர் அதனைத் 'துளசி விருந்தாவனம்' என்பர். நம் பழந்தமிழ் இச்செடியைத் 'துழாய்' என அழைத்தது.

இந்நகரத் துளசி முற்றத்தோடு நின்றதில்லை. துகாராமரின் மகனார் நாராயண மகாராஜ் 1685-இல் தொடங்கிய பல்லக்கு யாத்திரை, தேஹுவிலிருந்து பண்டரிபுரம் செல்லும் வழியில் ஆண்டுதோறும் இங்குத் தங்கிச் செல்கிறது. ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கும் வருகிறது. துளசிமணி மாலை அணிந்த வார்கரிகளினூடே, துளசி மாடத்தையே தலையிற் சுமந்து ஏறத்தாழ மூன்று வாரம் நடக்கும் பெண்மணிகளைச் சாலையோரம் நின்று நாமும் கண்டிருக்கிறோம்.

இனி மருந்து. சரக சம்ஹிதை இதனைச் 'சுரசா' என்று கூறி, விக்கல், இருமல், இரைப்பு, விலாவலி, நஞ்சு ஆகியவற்றுக்கு விதிக்கிறது. நம் பாட்டிமாரும் மிளகும் சுக்கும் கூட்டிச் சளிக்கே கஷாயம் வைத்தனர். மனக்கலக்கம் அப்பட்டியலில் இல்லை! அப்பொறுப்பு துளசிக்கு மிக அண்மையில் வந்ததாகும். உடலுக்கும் உள்ளத்துக்கும் நேரும் நெருக்கடியைத் தாங்கத் துணைபுரியும் பொருள்களுக்கு 'அடாப்டோஜென்' என்று 1947-இல் பெயரிட்டவர் சோவியத் அறிஞர் லாசரேவ். பிற்காலத்தார் துளசியையும் அவ்வினத்திற் சேர்த்தனர். இன்று அது மாத்திரையாகவும் தேயிலைப் பொட்டலமாகவும் விலைபோகிறது.

மன அழுத்தமும் உறக்கக் குறைவும் சற்றே தணிந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அவை சிறியவை, சில வாரங்களே நடந்தவை. குருதி உறையாமைக்கோ நீரிழிவுக்கோ மருந்துண்போரும், கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைத் தொடலாகாது. விடியலில் செம்பு நீருடன் மாடத்தருகே நிற்பவளுக்கு நெஞ்சு லேசாவது இலையின் குணத்தாலா, எவரும் அழைக்காத அந்த ஐந்து நிமிடத்தாலா? பிரித்தறிவது எளிதன்று. பின்னது புட்டியில் கிடைப்பதில்லை என்பது மட்டும் திண்ணம்.

1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து பெருகிய வெள்ளத்தில் ஆற்றோர வாடாக்கள் பல சரிந்தன. எஞ்சியவற்றுட் பலவும் பின்னர் அடுக்குமாடிகளுக்கு இடம் விட்டன. முற்றம் போயிற்று, துளசி சன்னற்கம்பி ஓரத் தொட்டிக்குக் குடிபெயர்ந்தது. நம் காலனியிலும் அப்படியே. எனினும் துளசி விவாகத்தன்று அடுத்த வீட்டு மராத்திய அம்மையார் அத்தொட்டிக்கே கரும்புப் பந்தலிட்டு, நெல்லிக்காயும் புளியங்காயும் வைத்து, மணமகள் வீட்டாராக நம்மை அழைக்கிறார்.