கடல் நடுவே ஒரு கணினிக் கோட்டை

பொருளாதார வகுப்பில் வரிப் புகலிடங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடம் ஒன்றை வலியுறுத்துவேன். சட்டமே இல்லாத இடத்தைத் தேடிப் பணம் ஓடுவதில்லை. தனக்குச் சாதகமான சட்டமும், போட்ட முதலைக் காக்கும் நீதிமன்றமும் உள்ள இடத்தைத் தேடியே ஓடுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், எந்த நாட்டின் சட்டமும் எட்டாத இடத்தில் இணையத் தகவல்களைச் சேமித்து வைக்க முயன்றவர்களின் கதை, இன்றைக்கும் நமக்குப் பாடமாக உள்ளது.

1996 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில், அமெரிக்கரான ஜான் பெர்ரி பார்லோ 'இணையவெளியின் விடுதலைப் பிரகடனம்' என்ற அறிக்கையை வெளியிட்டார். அரசுகளுக்கு இணையத்தின்மீது அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். ஆனால், இணையம் ஆகாயத்தில் மிதப்பதன்று. ஒவ்வொரு பக்கமும், படமும், கோப்பும் 'சர்வர்' எனப்படும் வழங்கிக் கணினி ஒன்றில் இருக்கிறது. அந்தக் கணினி ஏதேனும் ஒரு நாட்டின் மண்ணில் இருக்கிறது. அப்படியானால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத இடம் ஒன்று கிடைத்தால்?

கிடைத்துவிட்டதாகவே சிலர் கருதினர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் தன் கிழக்குக் கரைக்கு அப்பால் கடலில் கட்டிய கோட்டைகளுள் ஒன்று 'ரஃப்ஸ் டவர்'. கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், இரண்டு பெருந்தூண்களின்மீது நிற்கும் மேடை அது. உரிமமின்றி வானொலி நடத்திவந்த ராய் பேட்ஸ் என்பவர், முன்பு அவர் பயன்படுத்திய கோட்டை பிரிட்டனின் கடல் எல்லைக்குள் இருந்ததால் தண்டிக்கப்பட்டார். எனவே எல்லைக்கு வெளியே இருந்த ரஃப்ஸ் டவரைக் கைப்பற்றி, 1967 செப்டம்பர் 2 அன்று அதனை 'சீலேண்ட்' என்ற தனி நாடாக அறிவித்துக்கொண்டார். மறு ஆண்டு, அங்கிருந்து துப்பாக்கியால் சுட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், அந்த இடம் தன் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஆங்கிலேய நீதிமன்றம் கூறிவிட்டது. 1987-இல் பிரிட்டன் தன் கடல் எல்லையை 3 கடல் மைலிலிருந்து 12 கடல் மைலாக விரிவுபடுத்தியது. கோட்டை அதற்குள் வந்துவிட்டது. ஆயினும், எந்த நாடும் முறைப்படி ஏற்காத அந்த 'நாட்டை' யாரும் போய் மூடவுமில்லை.

2000-ஆம் ஆண்டில் ஷான் ஹேஸ்டிங்ஸ், ரயன் லேக்கி உள்ளிட்ட இளைஞர்கள் அங்கே 'ஹேவன்கோ' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். குழந்தைகளைப் பாலியல் வன்மத்துக்கு உள்ளாக்கும் படங்கள், குப்பை மின்னஞ்சல், பிற கணினிகளைத் தாக்குதல் ஆகியவற்றைத் தவிர எதையும் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தனர். உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. வாடிக்கையாளர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இணையச் சூதாட்ட நிறுவனத்தார்.

தோல்விக்குக் காரணம் எளியது. மின்னாக்கிக்கு டீசல் கரையிலிருந்து வரவேண்டும், உணவும் அப்படியே. இணைய இணைப்புக்கும் கரையில் உள்ள நிறுவனங்களையே நம்பவேண்டும். வாடிக்கையாளர் தரும் பணமும் ஏதோ ஒரு நாட்டின் வங்கி வழியாகவே வந்தாகவேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் உள்ளேயே இருந்தது. திரைப்படங்களை இணையவழி வழங்கும் ஒரு திட்டத்துக்கு, வெளிநாடுகளின் சினத்துக்கு அஞ்சி, பேட்ஸ் குடும்பம் இசையவில்லை. உறவு முறிந்து 2002-இல் லேக்கி வெளியேறினார். நிறுவனம் அக்குடும்பத்தின் கைக்குப் போயிற்று. வழக்குத் தொடர அங்கே சுதந்திரமான நீதிமன்றம் ஏது? 2008-இல் ஹேவன்கோவின் இணையதளமும் மறைந்தது. இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2012-இல் கட்டுரை வெளியிட்ட அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜேம்ஸ் கிரிமெல்மன், சட்டத்தின் ஆட்சி இல்லாததே அம்முயற்சியின் அடிப்படைப் பலவீனம் என்று சுட்டிக்காட்டினார்.

கடலை விட்டு நிலத்தடிக்குப் போனவர்களும் உண்டு. ஜெர்மனியின் டிராபன்-டிரார்பாக் நகரில், ராணுவத்தின் பழைய பதுங்கறை ஒன்றில் 'சைபர்பங்கர்' இயங்கியது. போதைப்பொருள் விற்கும் இணையச் சந்தைகளும் அதில் இடம்பெற்றன. 2019 செப்டம்பரில் ஏறத்தாழ 650 காவலர்கள் நடவடிக்கையில் இறங்கினர். 2021 டிசம்பரில் டிரியர் நீதிமன்றம் 8 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. தலைமை வகித்தவருக்கு 5 ஆண்டு 9 மாதச் சிறை. கதவு எவ்வளவு கனமானதாயினும், அதைக் காப்பவர் வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

ஆகவே சட்டம் எட்டாத இடம் என்பது கற்பனை. இதனைக் கண்டு மகிழ்ந்துவிடவும் முடியவில்லை. சட்டம் எட்டும் வழியிலேயே சட்டமற்ற அழுத்தமும் எட்டுகிறது. 2010 டிசம்பரில், அமெரிக்கத் தூதரக ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸைத் தன் கணினிகளிலிருந்து அமேசான் நீக்கியது. பேபால், விசா, மாஸ்டர்கார்டு ஆகியவை அதற்கான நன்கொடையை நிறுத்தின. எந்த நீதிமன்றமும் அவ்வாறு ஆணையிடவில்லை. விக்கிலீக்ஸின் செயல் சரியா, தவறா என்பது வேறு விவாதம். நீதிபதி தீர்மானிக்கவேண்டியதை நிறுவன அலுவலர்கள் சில நாள்களில் தீர்மானித்துவிட்டனர் என்பதே என் கவலை.

இதற்கு விடை தந்ததும் ஒரு தீவுதான். ஆனால், சட்டம் உள்ள தீவு. விக்கிலீக்ஸுக்காக நன்கொடை திரட்டிய டேட்டாசெல் நிறுவனத்தின் கணக்கை முடக்கியது ஒப்பந்த மீறல் என்றும், சேவையை மீண்டும் வழங்கவேண்டும் என்றும் ஐஸ்லாந்து உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தகவல் வெளியிடுவோரைக் காக்கும் சட்டங்களை இயற்றவேண்டும் என்று 2010-லேயே அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானித்திருந்தது.

நம் நாட்டிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் இணையப் பக்கங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. முடக்கத்துக்கான காரணம் எழுத்தில் பதிவாகவேண்டும் என்பதையும், அதனை எதிர்த்து வழக்குத் தொடரலாம் என்பதையும் சுட்டிக்காட்டியே 2015-இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவை ஏற்றது. ஆனால், அதற்கான விதிகள் இரகசியம் காக்கச் சொல்கின்றன. ஆணையே கண்ணில் படாதபோது குடிமகன் எதை எதிர்த்து வழக்காடுவான்?

ஓடி ஒளியக் கடல் நடுவே கோட்டை இல்லை என்றாகிவிட்டது. எனவே, நாம் வாழும் இடத்திலேயே முடக்கத்துக்குக் காரணம் கேட்கவும், பதில் பெறவும் உரிமை வேண்டும். நம் கருத்துரிமைக்கு வேறு அரண் எனக்குத் தெரியவில்லை.