தடவலில் தெரியாதது: பூனைக் குடும்பத்தின் உண்ணிவழி ரத்த ஒட்டுண்ணிகளும் மும்பைச் சூழலும்

பூனைக் குடும்பத்து விலங்குகளின் ரத்தத்தில் உண்ணிகள் வழியாகப் புகும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகளில் மூன்று பேரினங்கள் முதன்மையானவை. பாபேசியாவும் சைட்டாக்ஸூனும் சிவப்பணுக்களுக்குள் தங்குபவை. உண்ணி கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு உடலுக்குள் இறங்குபவை. மூன்றாவதான ஹெப்பட்டோசூன் வெள்ளையணுக்களில் தென்படும், ஆனால் அது பெருகுவது இதயத் தசையிலும் உடல் தசைகளிலும். நாய்களைத் தாக்கும் ஹெப்பட்டோசூன், உண்ணியை நாய் விழுங்குவதால்தான் தொற்றுகிறது, கடியால் அல்ல. பூனைகளிலும் இதே வழிதான் இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றுவதற்கும் சான்றுகள் உள்ளன. நாளெல்லாம் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் விலங்குக்கு உண்ணியை விழுங்குவது அரிய நிகழ்ச்சி அல்ல. அந்தப் பழக்கத்தாலேயே பூனையின் மேல் உண்ணி கண்ணில் படுவதும் குறைவு. ‘பூனைக்கு உண்ணியே இல்லை’ என்று வளர்ப்பவர் சொல்வதை வைத்து உண்ணிவழித் தொற்றை ஒதுக்கிவிட முடியாது.

இந்த ஒட்டுண்ணிகள் பற்றிய ஆய்வின் தொடக்கக் காலம் இந்தியாவோடு, குறிப்பாகச் சென்னையோடு, நெருங்கிய தொடர்புடையது. பூனையின் வெள்ளையணுக்களில் ஓர் ஒட்டுண்ணி இருப்பதை 1908இல் முதன்முதலாகப் பதிவு செய்தவர், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இந்திய மருத்துவச் சேவை அதிகாரி டபிள்யூ.எஸ். பேட்டன். இன்று ஹெப்பட்டோசூன் ஃபெலிஸ் என்று அறியப்படுவது அதுவே. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1910இல், ‘மெட்ராஸ் ஹன்ட்’ வேட்டைக் குழுவின் நாய்களில் ஒரு புதிய சிவப்பணு ஒட்டுண்ணியை அவர் கண்டார். பின்னர் அதே ஒட்டுண்ணியைக் குள்ளநரியின் ரத்தத்திலும் கண்டார். அது இன்றைய பாபேசியா கிப்சோனி. வீட்டு விலங்கையும் அதன் காட்டு உறவினத்தையும் ஒரே ஆய்வில் அருகருகே வைத்துப் பார்த்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பின் சிறப்பு. நூறாண்டுக்கு மேலாகியும் இந்திய நகரங்களில் அந்த முறை வேரூன்றவில்லை. வீட்டுப் பூனை ஒரு துறையின் பொறுப்பாகவும், சிறுத்தை இன்னொரு துறையின் பொறுப்பாகவும் பிரிந்து நிற்கின்றன.

அந்தப் பிரிவு எவ்வளவு செயற்கையானது என்பதை மும்பையின் கிழக்கோரம் காட்டுகிறது. டிராம்பேயில் உள்ள சீத்தா கேம்ப் 1976இல் உருவானது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனியிலிருந்து நெருக்கடி நிலைக் காலத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். ஒருபுறம் மரங்கள் அடர்ந்த அணு ஆராய்ச்சி வளாகம், இன்னொருபுறம் தானே கழிமுகத்தின் அலையாத்திக் காடு. வடக்கே சென்றால் தேவ்னார் இறைச்சிக்கூடமும் குப்பைமேடும். அலையாத்திக் காடுகளில் குள்ளநரிகள் வாழ்கின்றன. சந்துகளில் தெருநாயும் பூனையும் ஒரே குப்பையில் மேய்கின்றன. பேட்டன் சென்னையில் பார்த்த நாய், குள்ளநரிக் கூட்டணியோடு, இங்கே பூனையும் இறைச்சிக்கூடத்துக்கு வரும் ஆடும் சேர்ந்திருக்கின்றன.

இந்தச் சூழலுக்கு மிகவும் ஒத்துவரும் உண்ணி, பழுப்பு நாய் உண்ணி. பெரும்பாலான உண்ணிகளுக்குப் புல்வெளியோ புதரோ தேவை. இதற்கு வீட்டுச் சுவரே போதும். குஞ்சு, இளநிலை, முதிர்நிலை என்ற மூன்று கட்டங்களிலும் அது நாயின் ரத்தத்தையே நாடுகிறது. ஒவ்வொரு முறையும் குடித்து முடித்துக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தகர இடுக்கிலும் ஒளிந்து தோலுரிக்கிறது. முதிர்ந்த பெண் உண்ணி அதே இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாய் கிடைக்காதபோது பூனையின் மேலும் ஏறும். ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான கடலோர நகரத்தில் அதற்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று பெரிதாக இல்லை. ஒட்டிக்கட்டிய வீடுகளில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் மருந்தடித்தால் அடுத்த வீட்டுச் சுவரிலிருந்து உண்ணி திரும்ப வந்துவிடும்.

சோர்ந்து கிடக்கும் பூனையை மருத்துவரிடம் கொண்டுவந்தால் முதலில் நடப்பது ரத்தத் தடவல். காது நுனியில் குத்தி எடுக்கும் சொட்டு நல்லது. தொற்றிய சிவப்பணுக்கள் நுண்குழாய்களில் தேங்குவதால் அங்கே அவை கூடுதலாகக் கிடைக்க வாய்ப்புண்டு. கண்ணாடியில் மெல்லப் பரப்பி, உலரவிட்டு, கீம்சா அல்லது லீஷ்மன் சாயமேற்றி, எண்ணெய் வில்லையின் கீழ் தடவலின் இறகுபோன்ற ஓரத்தைத் தேட வேண்டும். செலவு மிகக் குறைவு, அரை மணியில் விடை வரும். ஆனால் இந்த விடையைப் படிப்பதில் சிக்கல்கள் பல. பாபேசியாவின் சிறு வளையமும் சைட்டாக்ஸூனின் முத்திரை மோதிர வடிவமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பூனையின் சிவப்பணுக்களில் இயல்பாகவே காணப்படும் உட்கருத் துணுக்கும், தடவலில் படிந்த சாயத் துகளும் ஒட்டுண்ணிபோல் தோன்றி ஏமாற்றும். ஹீமோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகையும் சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொண்டு வளையமாகவும் புள்ளியாகவும் தெரியும். அது உண்ணியால் பரவுவதாக நிறுவப்படவில்லை. தெள்ளுப்பூச்சியும் பூனைச் சண்டையும் ஐயத்துக்குரிய வழிகள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துள்ள குழாயில் சில மணி நேரம் நின்றால் ஹீமோபிளாஸ்மா அணுவை விட்டு உதிர்ந்தும் விடும். ஆகவே தடவலைப் பூனையின் அருகிலேயே, ரத்தம் எடுத்த உடனேயே போட வேண்டும். இந்தச் சிறு விதி மீறப்படுவதால் வீணாகும் சோதனைகள் கொஞ்சமல்ல.

தவறாகக் காண்பதைவிடப் பெரிய குறை, காணாமலே போவது. நாள்பட்ட தொற்றில் ஆயிரக்கணக்கான அணுக்களில் ஒன்றில்கூட ஒட்டுண்ணி இல்லாமல் இருக்கலாம். இதை எண்களால் மெய்ப்பித்த ஆய்வு ஒன்று மும்பையையும் உள்ளடக்கியது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளரும் இணைந்து மும்பை, தில்லி, சிக்கிம், லடாக் ஆகிய இடங்களில் 525 நாய்களின் ரத்தத்தைச் சோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். நுண்ணோக்கியில் தெரிந்தது 12 நாய்களில் மட்டும். தெரிந்ததும் ஹெப்பட்டோசூன் ஒன்றுதான். அதே ரத்தத்தை பி.சி.ஆர். முறையில் சோதித்தபோது 261 நாய்களில், அதாவது 49.7 விழுக்காட்டில், ஏதேனும் ஓர் உண்ணிவழி நுண்ணுயிர் இருந்தது. பல நுண்ணுயிர்களின் கூட்டுத்தொகையோடு ஒரே ஒட்டுண்ணியின் எண்ணிக்கையை ஒப்பிடுவது சரியல்ல என்று ஒருவர் மறுக்கலாம். ஹெப்பட்டோசூனை மட்டும் எடுத்துக்கொண்டாலும் தடவலில் 2.3 விழுக்காடு, பி.சி.ஆரில் 30 விழுக்காடு. பாபேசியா வோகெலி 5.5 விழுக்காட்டு நாய்களில் இருந்தும் தடவலில் ஒன்றில்கூடத் தென்படவில்லை. நாய்க்குப் பொருந்தும் இந்தக் கணக்கு பூனைக்கும் பொருந்தாமல் போகக் காரணம் இல்லை. பூனை ஹெப்பட்டோசூன் ரத்தத்தில் காட்டும் எண்ணிக்கை பெரும்பாலும் மிகச் சொற்பம் என்பதால் இடைவெளி இன்னும் விரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

பி.சி.ஆர். ஒட்டுண்ணியின் மரபுப் பொருளில் ஒரு குறிப்பிட்ட துண்டைப் பலமடங்காகப் பெருக்கிக் காட்டும் முறை. பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவது 18எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு. அதன் சில பகுதிகள் பாபேசியா, அதன் உறவினமான தைலீரியா, சைட்டாக்ஸூன் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருப்பதால் ஒரே சோதனையில் அகல வலை வீசலாம். அந்த அகலமே அதன் குறையும்கூட. வலையில் ஏதோ ஒன்று விழுந்தது என்று தெரியுமே தவிர, என்ன இனம் என்று தெரியாது. அதற்கு விளைபொருளின் வரிசையைப் படித்தாக வேண்டும். ரத்தம் ஹெப்பாரின் குழாயில் வந்தால் வினையே தடைபடலாம், ஈ.டி.டி.ஏ. குழாய் வேண்டும். பூனையின் சொந்த மரபணு ஒன்றையும் உடன் பெருக்கிப் பார்த்தால்தான் ‘இல்லை’ என்ற விடை உண்மையான இல்லையா, கெட்டுப்போன மாதிரியா என்று பிரிக்க முடியும். எதிர்ப்பொருள் சோதனைகள் இவ்விடத்தில் அதிகம் உதவுவதில்லை. அவை பழைய தொற்றையும் புதியதையும் வேறுபடுத்தா. நெருங்கிய இனங்களைக் குழப்பவும் செய்யும்.

இனத்தைத் துல்லியமாக அறிவது மருந்தைத் தீர்மானிக்கிறது. நாய் பாபேசியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் இமிடோகார்ப், தென்னாப்பிரிக்கப் பூனைகளைத் தாக்கும் பாபேசியா ஃபெலிசிடம் பலிப்பதில்லை. அதற்கு பிரிமாகுயின் வேண்டும். பிரிமாகுயினில் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. ஹீமோபிளாஸ்மாவுக்கோ டாக்ஸிசைக்ளின். வட அமெரிக்காவின் சைட்டாக்ஸூன் ஃபெலிஸ், 1976இல் மிசௌரியில் முதலில் விவரிக்கப்பட்டது, சில நாட்களிலேயே பூனையைக் கொல்லும். அதற்கு அட்டோவகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தரப்படுகின்றன. தடவலில் ‘வளையம் தெரிகிறது’ என்று மட்டும் எழுதித் தரும் அறிக்கை, இந்த மருந்துகளில் எதைத் தொடுவது என்பதைச் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மரபணுச் சோதனையில் ‘உண்டு’ என்று வந்துவிட்டால் அதுவே நோய் என்று முடிவு கட்டுவது. காட்டுப் பூனைக் குடும்பம் இதை மறுக்கும் சான்றுகளால் நிறைந்தது. ஐதராபாதின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியக் காட்டுப் பூனையின விலங்குகளிலும் நாயின விலங்குகளிலும் ஹெப்பட்டோசூன் தொற்று இருப்பது மரபணு வழியில் காட்டப்பட்டது. இத்தகைய தொற்றுகளோடு பெரும்பூனைகள் பெரும்பாலும் குறியேதும் இல்லாமல் வாழ்ந்துவிடுகின்றன. துணைக்கு இன்னொரு நோய் வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. 1994இல் செரெங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மாண்டன. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்தான் காரணம் என்று முதலில் கருதப்பட்டது. 2008இல் வெளிவந்த ஆய்வு, வறட்சியால் நலிந்த எருமைகளிலிருந்து சிங்கங்களுக்கு ஏறிய உண்ணிகளும், அவற்றோடு வந்த பாபேசியாவும், எதிர்ப்பாற்றலைக் குலைத்த வைரஸும் சேர்ந்தே அந்த அழிவை உண்டாக்கின என்று காட்டியது. 2018 செப்டம்பர்-அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில், தல்கானியா சரகத்தில், 23 ஆசியச் சிங்கங்கள் இறந்தபோதும் டிஸ்டெம்பரும் உண்ணிவழி ஒட்டுண்ணியும் ஒருசேரப் பேசப்பட்டன. ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தியிருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

காட்டில் தீங்கின்றி இருப்பது வீட்டில் கொல்லலாம் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. தென்னாப்பிரிக்காவின் சிவிங்கிகளில் 2010இல் விவரிக்கப்பட்ட பாபேசியா லெங்காவ், 2013இல் அந்நாட்டின் இரண்டு வீட்டுப் பூனைகளில் மூளையையும் ரத்தத்தையும் தாக்கிய கடும் நோயோடு தொடர்புபடுத்தப்பட்டது. ஒரே ஒட்டுண்ணி எதில் குடியிருக்கிறது, எதைக் கொல்கிறது என்பது இரு பக்க ரத்தத்தையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே மரபணுத் துண்டைக் கொண்டு ஒப்பிடும்போதுதான் வெளிப்படும்.

மும்பையில் இத்தகைய ஒப்பீட்டுக்கான வாய்ப்பு அதிகம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நகர எல்லைக்குள் இருக்கிறது. அதன் சிறுத்தைகள் விளிம்புக் குடியிருப்புகளின் தெருநாய்களை இரையாகக் கொள்கின்றன. இரையோடு இரையின் உண்ணியும் சிறுத்தையிடம் சேர்கிறது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கை ஆய்வுக்காக மட்டும் மயக்கிப் பிடிப்பது எளிதல்ல, தேவையுமல்ல. கிணற்றிலோ குடியிருப்பிலோ சிக்கி மீட்கப்படும் ஒவ்வொரு சிறுத்தையும் எப்படியும் மயக்கப்படுகிறது. அப்போது எடுக்கும் சில மில்லிலிட்டர் ரத்தம் போதும். இறந்து கிடக்கும் விலங்கின் மண்ணீரல் துண்டும் பயன்படும். மீட்கப்படுபவை பெரும்பாலும் காயம்பட்டவை அல்லது நலிந்தவை என்பதால், அவற்றில் கிடைக்கும் விகிதத்தைக் காடு முழுவதற்கும் விரிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் வேண்டும்.

வீட்டுப் பூனைகளின் பக்கத்தில் கருத்தடை முகாம்களே இயல்பான வாயில். மயக்கத்தில் இருக்கும் பூனையிடமிருந்து ஒரு தடவல், ஒரு ஈ.டி.டி.ஏ. குழாய், வடிதாளில் உலர்த்திய ஒரு சொட்டு, உடம்பில் உண்ணி இருந்தால் அதை ஆல்கஹாலில் இட்ட ஒரு குப்பி ஆகியவற்றை எடுக்க ஐந்து நிமிடம் போதும். வடிதாளுக்குக் குளிர்பெட்டி தேவையில்லை; சீத்தா கேம்பிலிருந்து பரேலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கடித உறையிலேயே போய்ச் சேரும். உண்ணிக்குள் ஒட்டுண்ணியின் மரபணு கிடைத்தால் அந்த உண்ணிதான் பரப்புகிறது என்று அவசரப்படக் கூடாது. அது கடைசியாகக் குடித்த ரத்தத்தின் எச்சமாகவும் இருக்கலாம். அறிக்கையில் இனத்தின் பெயர், தடவலில் கண்ட அடர்த்தி, ரத்தசோகையின் அளவு ஆகிய மூன்றும் சேர்ந்து வர வேண்டும். இம்மூன்றும் இல்லாத ‘உண்டு’, ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல் அறிக்கையை நகரின் ஆய்வகங்கள் இனி வழங்கக் கூடாது. மருத்துவர்களும் ஏற்கக் கூடாது.