லெகோ கட்டையில் 'அ' படிக்கலாமா? பார்வையற்ற குழந்தைகளுக்கான பொம்மைகள் எப்படி உருவாகின்றன?

வழக்கமான லெகோ கட்டையின் மேல் 8 குமிழ்கள் இருக்கும். ஒரு பிரெய்ல் எழுத்துக்குத் தேவை 6 புள்ளிகளுக்கான இடம்தான். இந்தப் பொருத்தத்தில் பிறந்ததுதான் 'லெகோ பிரெய்ல் பிரிக்ஸ்'. டென்மார்க் பார்வையற்றோர் சங்கம் 2011-லும், பிரேசிலின் டோரினா நோவில் அறக்கட்டளை 2017-லும் இந்த யோசனையை லெகோவிடம் கொண்டுபோயின. 2020-ல் 7 நாடுகளில் பள்ளிகளுக்கும் அமைப்புகளுக்கும் இலவசமாகத் தரப்பட்டது. கடைக்கு வந்தது 2023-ல்தான்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

மிச்சமாகும் 2 குமிழ் இடங்களை மொழுமொழுவென விட்டு, அங்கே அதே எழுத்தை அச்சிட்டிருக்கிறார்கள். பார்வையுள்ள அக்காவோ அப்பாவோ அதைப் பார்த்து கூடவே விளையாடலாம். விரலால் தடவும் குழந்தைக்கு 'இதுதான் கீழ்ப்பக்கம்' என்று சொல்வதும் அந்த வழுவழுப்புதான். மேல் இடது மூலையில் ஒரே புள்ளி இருந்தால் 'அ'. கட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் அது கீழ் வலது மூலைக்குப் போய்விடும், 'அ' இருக்காது!

ஒரு குறையும் உண்டு. லெகோ குமிழ்களின் இடைவெளி 8 மில்லிமீட்டர். பிரெய்ல் புத்தகத்தில் புள்ளிகளின் இடைவெளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். முழு எழுத்தும் விரல் நுனிக்குள் அடங்கிவிடும். அதனால் இது புத்தகத்துக்கு மாற்று இல்லை, அதற்கு முந்தைய படி.

தமிழுக்கு இது செட் ஆகுமா?

இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் அ, க, ம, ல ஆகியவற்றுக்கு ஆங்கில ஏ, கே, எம், எல் எழுத்துகளின் புள்ளிகளேதான். சிக்கல் உயிர்மெய்யில் வருகிறது. அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும். பிரெய்லிலோ முதலில் 'க', அடுத்துதான் 'எ'. 'கொ' என்றாலும் அப்படியே, காதில் கேட்கிற வரிசையில். எனவே ஆங்கில பொம்மையின் அச்செழுத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் தமிழ்ப் பொம்மை ஆகிவிடாது.

ஆப்களில் என்ன பிரச்சினை?

ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். ஆனால் ஆப் செய்தவர் பட்டனுக்குப் பெயர் கொடுக்காவிட்டால், வெறும் 'பட்டன்' என்றுதான் குழந்தைக்குக் கேட்கும். எதை அமுக்குவது? பின்னணி இசை சத்தமாக ஓடினால் அந்தக் குரலும் அமுங்கிவிடும். படத்தை இழுத்துப் போடும் விளையாட்டுகள் பெரும்பாலும் இங்கேயே தோற்றுவிடுகின்றன.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

நம்மூர் பல்லாங்குழிக்கு எந்த மாற்றமும் தேவையில்லை. 14 குழி, சோழி, எல்லாமே விரலுக்குத் தெரியும். பிரெய்ல் பழக்க, முட்டை அட்டையில் 3 வரிசை, 2 பத்தி வருமாறு 6 குழிகளை வெட்டி, எலுமிச்சம்பழத்தைப் புள்ளியாக வைக்கலாம். மேல் ஓரத்தில் ஒரு துணியை ஒட்டிவிடுங்கள், தலைகீழாகப் பிடித்துவிடாமல் இருக்க.