வாய்க்குப் பூட்டிட்ட வார்த்தைப்பாடு

1956-ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள். உரோமை நகரில் ஒரு துறவு சபையின் பயிற்சி இல்லத்திற்குத் திருப்பீடம் அனுப்பிய விசாரணையாளர் வந்து சேர்ந்தனர். மெக்சிகோவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் சிறுவயதிலேயே இறையழைத்தலை நாடி வந்திருந்த குருமாணவர்கள் அங்கே பயின்று வந்தனர். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக அழைக்கப்பட்டனர். சபை நிறுவனரைப் பற்றி வினவப்பட்டது. அவர் போதை தரும் ஊசி மருந்துக்கு அடிமைப்பட்டவரா? அவருடைய நடத்தையில் குறை எதுவும் கண்டதுண்டா? இல்லை என்றனர் மாணவர். அவர் மாசற்றவர், தூயவர் என்றனர்.

அவர்களுள் சிலர் உண்மையை அறிந்திருந்தனர். தம் உடலிலும் உள்ளத்திலும் பட்ட காயத்தால் அறிந்திருந்தனர். அறிந்தும் மறைத்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, தலை நரைத்த பின், அன்று தாங்கள் பொய்யுரைத்ததை அவர்களே உலகறிய ஒப்புக்கொண்டனர். தமக்குத் தீங்கிழைத்தவரைத் தாமே ஏன் காத்து நின்றனர்? இவ்வினாவுக்கு அவர்கள் தேடிக் கண்ட விடையையே நாம் இங்குச் சிந்திக்க விழைகிறோம். இது வேற்றுச் சமயத்தார் கதையன்று; நம் வீட்டுக் கதை. ஆகவே சொல்லக் கூச்சமுண்டு. ஆயினும் சொல்லாது விடுவது அதனினும் பெரிய குறையாகும்.

அச்சபையின் பெயர் 'கிறிஸ்துவின் சேனை'. நம் பங்குகளில் பணியாற்றும் மரியாயின் சேனைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதை நிறுவியவர் மர்சியால் மசியேல். 1920-இல் மெக்சிகோவின் மிச்சோஆகான் மாநிலத்தில் கொதிகா என்னும் ஊரில் பிறந்தவர். ஆயர்கள் பலரைத் தந்த குடும்பம் அது. அவருடைய உறவினரான ஆயர் இரஃபேல் கிசார் 2006-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மசியேல் பிள்ளைப் பருவத்தில் இருந்தபோது மெக்சிகோ அரசு திருச்சபையை ஒடுக்கியது. 1926 முதல் 1929 வரை கத்தோலிக்க உழவர்கள் ஆயுதம் ஏந்திப் போராடினர். குருக்கள் மறைந்து வாழ்ந்தனர். மறைவில் திருப்பலி நிறைவேற்றினர். காட்டிக் கொடுக்காதிருப்பதே அக்காலத்தில் விசுவாசத்தின் அடையாளமாயிற்று. 'வெளியார் பகைவர், உள்ளார் சகோதரர், இரகசியம் காப்பது புண்ணியம்' என்னும் மனநிலை இயல்பாக வேரூன்றிய மண் அது. இவ்வரலாற்றை மனத்திற் கொள்ளாவிடில் பின்னர் நிகழ்ந்தது விளங்காது.

மசியேல் இரு குருமடங்களிலிருந்து விலக்கப்பட்டவர். எனினும் 1941 சனவரியில், குருப்பட்டம் பெறு முன்னரே, மெக்சிகோ நகரில் சிறுவர் சிலரைக் கூட்டித் தம் சபையைத் தொடங்கினார். 1944-இல் குருவானார். 1946-இல் மாணவர்களை ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்றார். பின்னர் உரோமையில் இல்லம் கண்டார். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் தாய் தந்தையரைப் பிரிந்து கடல் கடந்து சென்றனர். வீட்டுக்கு எழுதும் மடலும் வீட்டிலிருந்து வரும் மடலும் அதிபர் பார்வைக்குப் பின்னரே உரியவர் கைக்குச் சென்றன. தோழமை கொள்வதும் தடுக்கப்பட்டது. நிறுவனரை அவர்கள் 'நம் தந்தை' என்றே அழைத்தனர். பெற்ற தந்தை தொலைவில். விண்ணகத் தந்தையோ கண்ணுக்குப் புலப்படாதவர். இடையில் நின்ற இந்தத் தந்தையே அப்பிள்ளைகளுக்கு இருவருமானார்.

துறவறத்தார் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளை எடுப்பதை நாம் அறிவோம். இச்சபையில் இவற்றிற்கு மேல் தனி வார்த்தைப்பாடு ஒன்றும் இருந்தது. அதிபரின் செயலையோ ஆளையோ ஒருபோதும் குறை கூறுவதில்லை. எவரேனும் குறை கூறக் கேட்டால் உடனே மேலிடத்திற்கு அறிவிப்பது. இறைவனுக்கு அளித்த வாக்காக இதை ஒவ்வொருவரும் ஏற்றனர்.

இவ்வாக்கு செய்த வேலையைச் சற்று உற்று நோக்குவோம். முதலாவது, அது வாயைப் பூட்டியது. இரண்டாவது, சகோதரனைச் சகோதரனுக்குக் காவலாளாக்கியது. அருகில் உறங்குபவனும் தன்னைப் போலவே துன்புறுகிறான் என்பதை ஒருவனும் அறிய வழியில்லாமற் போயிற்று. மூன்றாவதே மிகக் கொடிது: அது மனச்சான்றைத் திசை திருப்பியது. ஐயம் கொள்வதே பாவம் என்றானபின், குற்ற உணர்வு குற்றமிழைத்தவரை விட்டகன்று ஐயுற்ற சிறுவனின் மீது வந்து அமர்ந்தது. தம் பாவத்திற்கு உட்படுத்திய மாணவர்க்கு மசியேல் தாமே பாவமன்னிப்பு வழங்கினார் என்பதும் பின்னர் உரோமையில் பதிவான முறையீடாகும். திருச்சபைச் சட்டம் மிகக் கடுமையாகக் கண்டிக்கும் குற்றம் இது. காயம் செய்த கையே மருந்தும் இட்டபோது, காயத்தைக் காயமென்று சொல்ல யாரால் இயலும்?

இப்போது 1956-க்குத் திரும்புவோம். வந்தவர்கள் திருப்பீடத்தின் ஆட்களே எனினும், மாணவர் கண்களுக்கு அவர்கள் ஒரு புனிதரை வதைக்க வந்த பகைவராகத் தோன்றினர். உண்மை சொல்வது வாக்கை மீறுவதாகும்; இறையழைத்தலை இழப்பதாகும்; வெறுங்கையுடன் தாய்முன் போய் நிற்பதாகும். ஆகவே பொய் அவர்களுக்குப் பொய்யாகத் தோன்றவில்லை, அன்பாகத் தோன்றியது. பின்னாளில் அவர்கள் இதைச் சொல்லித் தங்களை நியாயப்படுத்த முனையவில்லை. தங்கள் மனம் எவ்வாறு தங்களிடமிருந்தே பறிக்கப்பட்டது என்பதையே எடுத்துரைத்தனர்.

விசாரணைக் காலத்தில் மசியேல் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தார். 1958 அக்டோபரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மறைந்தார். 1959 பிப்ரவரியில் மசியேல் மீண்டும் தலைவரானார். அவ்விலக்கலே அவர் சுமந்த சிலுவையாகச் சபையில் போற்றப்பட்டது. குற்றத்தின் தடயம் புனிதத்தின் சான்றாக மாறிற்று. வணக்கம் முதிர்ந்த இடத்தில் எதிர்ச்சான்றும் துதிப்பாடலாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பின்னர் சபை வளர்ந்தது. பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், குருமடங்கள் எழுந்தன. பிற சபைகளில் இறையழைத்தல் குன்றிய காலத்தில் இங்கே இளைஞர் குவிந்தனர். செல்வர் வாரி வழங்கினர். 'கனியைக் கொண்டு மரத்தை அறியலாம்' என்று பலரும் கூறினர். ஆனால் கனி எனப்பட்டது தொகையும் எண்ணிக்கையும் மட்டுமே. கண்ணீர் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அமெரிக்காவில் சபையின் தலைவராய் இருந்த ஹுவான் வாக்கா 1976-இல் வெளியேறினார். தமக்கு நேர்ந்ததை எழுதினார். அவர் புகுந்த மறைமாவட்டத்தின் ஆயர் வழியாக அது உரோமைக்குச் சென்றது. 1978-இலும் 1989-இலும் மீண்டும் முறையிடப்பட்டது. விடையில்லை. 1994 டிசம்பரில், மசியேலின் குருத்துவப் பொன்விழாவை ஒட்டி, அவரை இளைஞர்க்குச் சிறந்த வழிகாட்டியெனப் பாராட்டும் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் மடல் மெக்சிகோ நாளிதழ்களில் வெளிவந்தது. அம்மடலே முன்னாள் உறுப்பினரின் மௌனத்தை உடைத்தது. தாங்கள் மேலும் மௌனம் காத்தால் இன்னும் எத்தனை பெற்றோர் தம் மக்களை இவர் கையில் ஒப்படைப்பர் என்னும் அச்சம் அவர்களைப் பேச வைத்தது.

1997 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் 'ஹார்ட்ஃபோர்டு குரன்ட்' நாளிதழில் ஒன்பது பேரின் முறையீடு வெளியானது. அவர்களுள் ஒருவர் அதற்கு முன்னரே இறந்திருந்தார். பின்னர் ஒருவர் தம் சொல்லைத் திரும்பப் பெற்றார். எஞ்சியோர் உறுதியாய் நின்றனர். மெக்சிகோவில் பேராசிரியராய் விளங்கிய ஹோசே பார்பாவும் தோழர் ஒருவரும் 1998 அக்டோபரில் உரோமைக்குச் சென்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தில் முறைப்படி வழக்குத் தொடுத்தனர். சபையோ அவர்களைச் சதிகாரர் என்றது. 1956-இல் அவர்கள் கொடுத்த சாட்சியத்தையே அவர்களுக்கு எதிராகக் காட்டியது. வாக்குக்கு அஞ்சிச் சொன்ன பொய் நாற்பது ஆண்டுகள் கழித்துச் சொன்னவரின் கழுத்தையே சுற்றிற்று!

மசியேலைக் காத்தவர் அனைவரும் தீயவரல்லர். இதை நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம். அமெரிக்கச் சிந்தனையாளர் அருட்தந்தை ரிச்சர்டு ஜான் நியூஹாஸ், குற்றச்சாட்டுகள் பொய்யானவை என்பதில் தமக்கு ஐயமில்லை என்று 2002-இல் எழுதினார். அறிவும் பக்தியும் உடையவர் அவர். 2009 சனவரியில் அவர் காலமானார். அடுத்த மாதமே, மசியேலுக்கு மகள் ஒருத்தி இருந்ததைச் சபை ஒப்புக்கொண்டது. நல்லவர் நம்பினார் என்பது நம்பப்பட்டது உண்மை என்பதற்குச் சான்றாகாது.

நீதி தாமதித்தே வந்தது. 2004-இன் இறுதியில் கர்தினால் இராட்சிங்கர் வழக்கை மீண்டும் கையில் எடுத்தார். 2005-இல் அவர் அனுப்பிய அருட்தந்தை சார்லஸ் சிக்லூனா நியூயார்க்கிலும் மெக்சிகோவிலும் முன்னாள் உறுப்பினரைக் கண்டு செவிமடுத்தார். அதே ஆண்டு இராட்சிங்கர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனார். 2006 மே 19 அன்று, பொதுப்பணி எதிலும் ஈடுபடாது செபத்திலும் தவத்திலும் வாழுமாறு மசியேல் பணிக்கப்பட்டார். 2007-இல் அந்தத் தனி வார்த்தைப்பாடு நீக்கப்பட்டது. 2008 சனவரி 30 அன்று மசியேல் இறந்தார். ஆயர் ஐவர் நடத்திய விசாரணைக்குப் பின் 2010 மே 1 அன்று திருப்பீடம் வெளியிட்ட அறிக்கை, அவர் உண்மையான குற்றங்களைப் புரிந்தவர் என்றும், அவரை எவரும் அணுக முடியாதபடி காக்கும் அரண் ஒன்று அவரைச் சுற்றி அமைக்கப்பட்டிருந்தது என்றும் உரைத்தது. தாங்கள் மிக மெதுவாகவும் காலந்தாழ்த்தியும் இதில் செயற்பட்டதாகப் பெனடிக்ட் அதே ஆண்டு ஒப்புக்கொண்டார். 2014-இல் சபை தன் பொதுப்பேரவை வழியாக மன்னிப்புக் கோரியது. 2019-இல் சபையே வெளியிட்ட கணக்கின்படி, 1941 முதல் அதன் குருக்கள் 33 பேரால் 175 சிறார் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் குறைந்தது 60 பேர் நிறுவனராலேயே பாதிக்கப்பட்டவர்கள்.

அந்த அரண் எதனால் கட்டப்பட்டது? கல்லாலன்று. நல்ல மனிதரின் நல்லெண்ணத்தால் கட்டப்பட்டது. அதுவே நம்மை நடுங்கச் செய்கிறது.

அப்படியானால் கீழ்ப்படிதல் தீமையா? அன்று. கிறிஸ்து சாவை ஏற்கும் அளவுக்குக் கீழ்ப்படிந்தார்; ஆனால் உண்மையைச் சொன்னதற்காகவே அச்சாவை ஏற்றார். இறைவனுக்கு எதிரானதில் மேலவருக்குக் கீழ்ப்படியலாகாது என்பதும், தேவையானபோது கீழுள்ளோர் மேலோரைத் திருத்துவது அன்பின் கடமை என்பதும் புனித தாமஸ் அக்வினாசின் போதனை. அந்தியோக்கியாவில் பவுல் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார்; பேதுருவின் தலைமை அதனால் குன்றவில்லை. தாவீது அரசனின் முன் நாத்தான் நின்றார். அரசனை மனந்திரும்பச் செய்தது அவ்விடித்துரையே. இடித்துரைப்பாரைத் துணைக் கொள்ளாத தலைமை தானே கெடும் என்பது நம் தமிழ்ச் சான்றோரும் கண்ட உண்மை. 1553-இல் கீழ்ப்படிதலைப் பற்றி மடல் வரைந்த புனித இஞ்ஞாசியார், அப்புண்ணியத்தை எவ்வளவு உயர்த்திப் பேசினாரோ அவ்வளவுக்கு, மாறுபட்ட கருத்தைச் செபித்து அதிபரிடம் எடுத்துரைக்கவும் இடம் தந்தார். மசியேலின் சபையில் அடைக்கப்பட்டது அந்தக் கதவே.

பொதுநிலையினராகிய நமக்கும் இதில் பங்குண்டு. குருக்களைப் பற்றிப் பேசினால் பாவம் வந்து சேரும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் நம்மில் பலர். புறங்கூறுதல் பாவமே, ஐயமில்லை. பிறருடைய நற்பெயரைக் காரணமின்றிக் கெடுப்பதைத் திருச்சபைச் சட்டமும் தடுக்கிறது. ஆனால் திண்ணையில் புறங்கூறுவது வேறு. தீங்கைக் கண்டவிடத்து உரியவரிடம் உரைப்பது வேறு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212-ஆம் எண், திருச்சபையின் நலனைப் பற்றிய தம் கருத்தை மேய்ப்பர்களுக்கு எடுத்துரைப்பது விசுவாசிகளின் உரிமை மட்டுமன்று, சில வேளைகளில் கடமையும் ஆகும் என்கிறது. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பிறப்பித்த சட்டம், இத்தகைய குற்றங்களை அறிவிக்குமாறு குருக்களையும் துறவியரையும் பணித்தது. அறிவித்தவர் மீது மௌனம் காக்கும் கடமையைச் சுமத்தலாகாது என்றும் விதித்தது. மெக்சிகோச் சிறுவரின் வாயில் இட்ட பூட்டு சட்ட அளவில் உடைந்தது. நம் உள்ளத்தில் உள்ள பூட்டை எந்தச் சட்டமும் உடைக்க முடியாது; நாமே உடைக்க வேண்டும்.

அம்முன்னாள் உறுப்பினர்களை நினைக்கும்போது, நமக்குப் பேதுருவின் நினைவு எழுகிறது. தலைமைக் குருவின் முற்றத்தில் அஞ்சிப் பொய்யுரைத்தவர் அவர். சேவல் கூவியபின் அழுதார். பிறகு எழுந்து உண்மைக்குச் சான்று பகர்ந்தார். உரோமையில் அன்று பொய்யுரைத்த மாணவர்க்குச் சேவல் கூவ நாற்பது ஆண்டுகள் ஆயின. சிலர் தீர்ப்பைக் காணாமலே கண் மூடினர். எஞ்சியோர் தம் இளமைப் பொய்யை முதலில் ஒப்புக்கொண்ட பின்னரே பிறர் குற்றத்தைச் சுட்டினர். அந்த நேர்மைக்குத் திருச்சபை கடன்பட்டிருக்கிறது.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அன்பு செய்யும் வரத்தை இறைவன் நமக்கு அருள்வாராக. நம்மிடையே யாரேனும் ஒரு சிறுவனோ சிறுமியோ தயங்கித் தயங்கி வாய் திறந்தால், அவர்களை அதட்டி அடக்காது அமர்ந்து கேட்கும் பொறுமையையும் அவரே தருவாராக.